ஒரே நாளில் நான்கு தொழிற்சாலை: மாணவர்கள் எதைப் பார்ப்பது?

மார்ச் 2, வாசகர் கேள்வி

உணவுத் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 42 பேரை அழைத்துப்போக வேண்டும். பால் ஆலை, பிஸ்கட் ஆலை, டப்பா உணவு ஆலை, உறைகாய்கறி ஆலை என நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடத் திட்டம். உடன் பணிபுரிபவர், "எதற்கு இந்த அலைச்சல்? நல்ல காணொளி நான்கைப் போட்டால் இதைவிடத் தெளிவாகத் தெரியும்" என்கிறார். போன ஆண்டு போய்வந்தவர்களின் அறிக்கைகளைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது. எல்லாரும் ஆலை கொடுத்த ஒரே கையேட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள். நேரில் கூட்டிப்போவதில் உண்மையில் பயன் இருக்கிறதா?

மார்ச் 2, இரவு

இருக்கிறது. ஆனால் நான்கில் இரண்டை இப்போதே அடித்துவிடுங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரே நாளில் மூன்று ஆலைகளைப் பார்த்தோம். வாசலில் பெயர் எழுத, செருப்பு மாற்ற, தலைக்கு வலை மாட்ட, மேலாளர் நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லி முடிக்க என்று பாதி நேரம் போய்விட்டது. உள்ளே நடந்தது அரை மணி. வரிசையின் கடைசியில் நின்ற எனக்கு இயந்திர இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் எதையோ பார்த்துத் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். பிற்பாடு ஒரு டப்பா உணவு ஆலையில் 2 ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தேன். அன்று நான் எதையெல்லாம் பார்க்காமல் கடந்து வந்தேன் என்பது அங்கேதான் தெரிந்தது. இப்போது நானே ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துப்போகிறேன்.

காணொளி விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைக் காணொளி நன்றாகவே காட்டும். ஓடாதபோது யார் எதைப் பார்த்து என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதைக் காட்டாது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். 42 பேரை ஏழு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே ஒரு இடத்தில் 40 நிமிடம் நிறுத்திவையுங்கள். முழு ஆலையையும் சுற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகு.

மார்ச் 3, காலை

"ஓரிடத்தில் நின்றால் மாணவர்களுக்குச் சலிக்காதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சலிக்கும். முதல் கால் மணி நேரம் சலிக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

பால் ஆலையில், பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் பாஸ்டரைசர் இயந்திரத்தின் முன்னால் ஆறு மாணவர்களை நிறுத்தியிருந்தேன். பாடம் அவர்களுக்குத் தெரியும்: பாலை 72 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி 15 வினாடி அந்தச் சூட்டிலேயே வைக்க வேண்டும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் அந்த 15 வினாடி ஆலையில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கடிகாரத்தைத் தேடினார்கள். சுவரோரம் மேலும் கீழுமாக வளைந்து போகிற வெறும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைக் காட்டினேன். பால் அந்தக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வர ஆகும் நேரம்தான் 15 வினாடி. குழாயின் நீளம்தான் கடிகாரம்.

அப்படியே நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று 'புஸ்' என்று காற்று பிரியும் சத்தம். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. குழாயின் முடிவில் இருந்த வால்வு இடம் மாறிவிட்டது. சூடு குறைந்ததும், அதுவரை முன்னால் போய்க்கொண்டிருந்த பால் திரும்பி, தொடக்கத்தில் இருக்கும் தொட்டிக்கே போகத் தொடங்கியது. இயக்குபவர் ஓடவில்லை, பதறவில்லை. விளக்கைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், நீராவி வரும் பக்கம் போனார். இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி 'புஸ்', வால்வு பழைய இடத்துக்கு வந்தது. வட்டமான பதிவுத்தாளில் வெப்பக் கோட்டுக்கு அருகே இன்னொரு பேனா, வால்வு திரும்பியிருந்த அந்தச் சில நிமிடங்களைத் தனியாகக் கிறுக்கிவைத்திருந்தது. ஒரு மாணவி அந்தக் கிறுக்கலின் மேல் விரலை வைக்காமல், சற்று மேலேயே நிறுத்தி, "இதுதானா ஐயா அது?" என்று கேட்டாள்.

ஆறு பேரில் ஒருவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

வால்வு தானாகத் திரும்பும்வரை காத்திருக்க முடியாது என்பீர்கள். வேண்டாம். ஆலை தொடங்கும் நேரத்துக்குப் போங்கள். பால் விடுவதற்கு முன் தண்ணீரை ஓட்டிச் சூடேற்றுவார்கள். சூடு வரும்வரை வால்வு திருப்பிவிட்டுக்கொண்டே இருக்கும், வந்ததும் முன்னால் விடும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் எத்தனை டிகிரியில் திரும்புகிறது என்பதையும் சோதித்துக் காட்டுவார்கள். பிற்பகல் 2 மணிக்குப் போனால் பல ஆலைகளில் குழாய்களுக்குள் காஸ்டிக் சோடா கரைசல் ஓடிக்கொண்டிருக்கும், பால் இருக்காது. கழுவுவதைப் பார்ப்பதும் பாடம்தான், ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

மார்ச் 3, மாலை

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். "பால் குழாய்க்குள் நுழைந்து வெளியே வர ஆகும் நேரம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். குழாய்க்குள் எல்லாப் பாலும் ஒரே வேகத்தில் போவதில்லை. சுவரை ஒட்டிய பால் மெதுவாகவும் நடுவில் உள்ளது வேகமாகவும் போகிறது. சீரான, கலங்காத ஓட்டமாக இருந்தால் நடுவில் உள்ளதன் வேகம் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே சராசரி நேரம் 15 வினாடியாக இருப்பது போதாது, மிக வேகமாகப் போகும் துளிக்கும் 15 வினாடி கிடைக்க வேண்டும். இதைச் சோதிக்கக் குழாயில் தண்ணீரை ஓட்டி, தொடக்கத்தில் உப்புக் கரைசலைச் செலுத்தி, மறுமுனையில் மின்கடத்துத்திறன் எப்போது ஏறுகிறது என்று பார்ப்பார்கள். முதலில் வந்து சேரும் உப்புதான் கணக்கு.

பாடத்தில் இது ஒரு வரி. குழாயைப் பார்த்த பிறகு மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

மார்ச் 5

மாணவர்கள் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று பட்டியல் கொடுக்கச் சொல்கிறீர்கள். பட்டியல் கொடுத்தால் பட்டியலைத்தான் நிரப்புவார்கள், எதிரே நடப்பதைப் பார்க்க மாட்டார்கள். என் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறேன்: "இது தவறிப்போனால் யாருக்கு, எப்படித் தெரியும்?" எந்த இயந்திரத்தின் முன்னாலும் இதைக் கேட்கலாம்.

உதாரணமாக, பாஸ்டரைசரில் உள்ளே வரும் குளிர்ந்த பச்சைப் பாலை, வெளியே போகும் சூடான பால்தான் முதலில் சூடேற்றுகிறது. நடுவில் மெல்லிய எஃகுத் தகடு. எரிபொருள் பெருமளவு மிச்சம். இதுவரை பாடம். இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்? பச்சைப் பால் சுத்தமான பாலில் கலந்துவிடாதா? கலக்காது, ஏனென்றால் சுத்தமான பக்கத்தின் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். கசிந்தாலும் நல்லது கெட்டதன் பக்கம்தான் போகும். சுவரில் இருக்கும் இரண்டு அழுத்தமானிகளும் இதற்காகவே. கேட்காதவனுக்கு அவை வெறும் முட்கள்.

அப்படியும் தவறிப்போனால்? அதற்குத்தான் ஆய்வகத்தில் பாஸ்படேஸ் சோதனை. பச்சைப் பாலில் இயற்கையாக இருக்கும் அந்த நொதி, கிருமிகள் சாக வேண்டிய சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில்தான் அழியும். அது அழிந்திருந்தால் கிருமிகளுக்கும் வேண்டிய சூடு கிடைத்துவிட்டது என்று பொருள். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்திலிருந்து ஆய்வகம்வரை போய்விட்டோம்.

மார்ச் 5, இன்னொன்று

மறந்துவிடுவேன், இப்போதே எழுதுகிறேன். பல ஆலைகளில் பார்வையாளர்களைத் தலைகீழாக அழைத்துப்போவார்கள். முதலில் பொட்டலம் கட்டும் இடம், கடைசியில் மூலப்பொருள் இறங்கும் இடம். காரணம் எளியது: பச்சைப் பொருளை மிதித்த காலோடு முடிந்த பொருளின் பக்கம் வரக்கூடாது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மாணவர்களுக்குக் கதை முடிவிலிருந்து தொடங்குவதுபோல் குழம்பிவிடும். உற்பத்தி வரிசையை ஒரு தாளில் வரைந்து, அவர்கள் நடக்கப்போகும் திசையை அம்புக்குறியால் காட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மார்ச் 6

மணம் பற்றி. பிஸ்கட் ஆலைக்குள் நுழைந்ததும் எல்லாரும் மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள். பத்து நிமிடத்தில் மணம் காணாமல் போய்விடும். மணம் போகவில்லை, மூக்கு பழகிவிட்டது. அங்கே வேலை செய்பவர்களுக்கு அது எப்போதுமே இல்லை. அதனால்தான் தீய்ந்த வாடையை மூக்கை நம்பிப் பிடிக்க முடியாது, நிறத்தை அளக்கிறார்கள். இதை முன்பே சொல்லாதீர்கள். பத்து நிமிடம் கழித்து, "இன்னும் மணக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.

மார்ச் 8

டப்பா உணவு ஆலை பற்றிக் கேட்டவருக்கு. அங்கே இருந்தவன் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

பட்டாணி டப்பாவும் தக்காளி டப்பாவும் ஒரே ஆலையில் ஓடினால், மாணவர்களை இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பட்டாணி, ரிட்டார்ட் என்ற பெரிய அழுத்தக் கலத்துக்குள் போகிறது. தக்காளிக்குக் கொதிநீர்ச் சூடே போதும். ஏன்? தக்காளியின் புளிப்பு. புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 4.6-க்கு மேல் இருக்கும் உணவில், காற்றில்லாத டப்பாவுக்குள் போட்டுலினம் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த வித்துகள் 100 டிகிரிக்குச் சட்டென்று சாவதில்லை. 121 டிகிரி வேண்டும், டப்பாவின் மிகக் குளிர்ந்த புள்ளிக்கும் அந்தச் சூடு குறைந்தது 3 நிமிடம் கிடைத்ததற்குச் சமமாக வேண்டும். தண்ணீரில் 121 டிகிரி வர அழுத்தம் தேவை. அவ்வளவு பெரிய எஃகுக் கலம் அங்கே நிற்பதற்குக் காரணம் ஒரு சிறு எண்ணின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும்.

மூடியின் விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். மூடியின் ஓரமும் உடலின் ஓரமும் ஒன்றை ஒன்று கொக்கிபோலப் பிடித்துச் சுருண்டிருக்கும். வெட்டிப் பார்த்தால் ஐந்து அடுக்குத் தகடு. தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் குறித்த இடைவெளியில் ஒரு டப்பாவை எடுத்து அந்த மடிப்பைப் பிரித்து, கொக்கிகள் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்று அளப்பார்கள். சூடான டப்பா குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், மடிப்பில் இம்மியளவு வழி இருந்தாலும் வெளித்தண்ணீரை உறிஞ்சிவிடும். குளிர்விக்கும் தண்ணீரில் குளோரின் சேர்ப்பதும், ஈர டப்பாவைக் கையால் தொடக்கூடாது என்பதும் இதனால்தான்.

இப்போது என் இரவுப்பணியில் நடந்தது. அதிகாலை 3 மணி இருக்கும். ரிட்டார்ட்டின் பதிவுத்தாளில் கோடு ஆடாமல் அசையாமல் கம்பிபோல் போயிருந்தது. குறித்த நேரம் முடிந்ததும் அழகான கோடு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கலத்துக்குப் போய்விட்டேன். தரக் கட்டுப்பாட்டில் இருந்த அம்மா அரை மணி கழித்து வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, தண்ணீர் விட்டுக் குளிரவைத்துவிட்டாயே, கோடு இன்னும் ஏன் மேலேயே இருக்கிறது?" என்றார். பேனா சிக்கிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. நீராவி வால்வு திறந்து மூடும்போது உயிருள்ள கோடு எப்போதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்கும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. பக்கத்திலேயே வெப்பமானி இருக்கிறது, இரண்டையும் ஒத்துப் பார்த்து எழுத வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை. அந்த ஈடு முழுவதையும் தனியே நிறுத்திவைத்தார்கள். அந்த டப்பாக்கள் வெளியே போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் மாணவர்களைப் பதிவுத்தாளின் முன்னால் நிறுத்துகிறேன்.

மார்ச் 9

முதல் நாள், இரண்டை அடித்துவிடுங்கள் என்றேன். என் மனதில் இருந்தது பிஸ்கட்டும் உறைகாய்கறியும். பிஸ்கட்டைப் பொறுத்தவரை திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போன வாரம் பழைய மாணவர்களின் குறிப்பேடுகளை எடுத்துப் படித்தேன். மிகக் கூர்மையான கேள்விகள் பிஸ்கட் ஆலையிலிருந்துதான் வந்திருக்கின்றன, ஏனென்றால் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. பாலுக்குக் குழாய், டப்பாவுக்குக் கலம். பிஸ்கட் மட்டும் திறந்த பட்டையில் ஊர்ந்து போகிறது.

ஒரு மாணவன் எழுதியிருந்தான்: "சின்ன வயதில் பிஸ்கட்டில் இருக்கும் துளைகளை எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவேன். ஏன் துளை என்று இன்றுதான் கேட்டேன்." அடுப்பில் மாவுக்குள் உண்டாகும் நீராவி வெளியேறத்தான் துளை. இல்லாவிட்டால் நடுவில் உப்பிவிடும். அவன் அதோடு நிற்கவில்லை. துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டு, உப்பிய பிஸ்கட் அடுக்கும் இயந்திரத்தில் சிக்கி வரிசையே நிற்கும் என்பதுவரை விசாரித்து எழுதியிருக்கிறான்.

மெட்டல் டிடெக்டரையும் அங்கே நன்றாகப் பார்க்கலாம். இரும்பு, இரும்பல்லாத உலோகம், துருப்பிடிக்காத எஃகு என மூன்று வகைச் சோதனைத் துண்டுகளைப் பொருளோடு அனுப்பி, மூன்றையும் கருவி தள்ளிவிடுகிறதா என்று பணிநேரத்தில் பலமுறை பார்ப்பார்கள். எஃகுதான் கண்டுபிடிக்கக் கடினம், ஆலையில் நிறைந்திருப்பதும் எஃகுதான். தள்ளப்பட்டவை விழும் பெட்டி பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேட்கச் சொல்லுங்கள்.

உறைகாய்கறியை விடுவதில் மாற்றமில்லை. மைனஸ் 18 டிகிரி அறையில் மெல்லிய சட்டையோடு நிற்கும் பிள்ளைகள் எதையும் கவனிப்பதில்லை.

மார்ச் 11

"தொழிலாளர்களைத் தொந்தரவு செய்யலாமா?" என்று ஒருவர் தயங்குகிறார். வேலை நடுவில் கூடாது. ஆனால் மேலாளரிடம் கேட்டு, இடைவேளையில் கால் மணி நேரம் ஒருவரோடு உட்காரவைக்க முடியும். நான் எப்போதும் கேட்பேன், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை பட்டாணி பொறுக்கும் பட்டையில் இருக்கும் அக்காவோடு என் மாணவர்கள் பேசினார்கள். ஒளியால் தரம்பிரிக்கும் இயந்திரம் முன்னாலேயே இருக்கிறது, நீங்கள் எதற்கு என்று ஒரு பையன் வெடுக்கென்று கேட்டுவிட்டான். எனக்குத் திக்கென்றது. அவர் கோபப்படவில்லை. "இயந்திரம் கறுப்பை எடுத்துவிடும் தம்பி. பட்டாணி மாதிரியே பச்சையாக உருண்டு வருகிற காயை நான் எடுப்பேன்" என்றார். பட்டாணி வயலில் வளரும் களைச்செடிகளின் காய்கள் சில அதே நிறம், அதே உருண்டை. கையில் ஒன்றை வைத்துக் காட்டினார். பட்டாணியோடு சேர்த்து உள்ளங்கையில் உருட்டினால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் பார்க்காமலே, விரலால் தடவியே பிரித்தார். அவர் விரலில் நீலநிறப் பிளாஸ்திரி. உணவில் நீலம் அரிது, விழுந்தால் கண்ணில் படும் என்பதற்காக நீலம். உள்ளே மெல்லிய உலோக இழை, டிடெக்டரில் மாட்டுவதற்காக. அதையும் அவர்தான் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் பையன் கிளம்பும்போது அவரிடம் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தான். நான் சொல்லி அனுப்பவில்லை.

மார்ச் 14

கிளம்பும் முன் ஒன்று. வயிற்றுப்போக்கு, வாந்தி இருப்பவர் உள்ளே போகக்கூடாது. எல்லார் முன்னிலையிலும் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் தனித்தனியே கேளுங்கள். அப்படி நின்றுவிடுபவருக்கு வேறொரு நாள் வாய்ப்புக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பஸ்ஸில் வேர்க்கடலை வேண்டாம். கையிலும் சட்டைப்பையிலும் ஒட்டிய துகள், ஒவ்வாமை உள்ளவர் ஒருவருக்குப் போதும். மோதிரம், கம்மல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே கழற்றி ஒரு பையில் போட்டுப் பூட்டிவிடுங்கள். வாசலில் கழற்றவைத்தால் இருபது நிமிடம் அங்கேயே போய்விடும்.

மார்ச் 23

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டு எழுதியிருக்கிறார். பாலும் பிஸ்கட்டும் மட்டும் போயிருக்கிறார்கள். பாஸ்டரைசர் முன்னால் நின்ற குழு, "ஒன்றுமே நடக்கவில்லை" என்று குறைப்பட்டதாம். வால்வு ஒருமுறையும் திரும்பவில்லையாம்.

அந்தக் குழுவின் குறிப்பேடுகளில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு மாணவி நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துவைத்திருக்கிறாள், 40 எண்கள். 74.1, 74.2, 74.1, 74.3 என்று போகிறது. 23-ஆம் நிமிடத்தில் 73.4. அடுத்து 73.1. பிறகு 73.8, 74.2. ஓரத்தில் சிறிய எழுத்தில்: "நீராவிச் சத்தம் கூடியது. அண்ணன் திரும்பிப் பார்த்தார், ஆனால் எழுந்து வரவில்லை. ஏன் வரவில்லை?"

ஐயா, அவளுக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பால் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்பதை அந்த நேரத்தில் மாற்றியிருக்கலாம், புதுத் தொட்டிப் பால் கூடுதல் குளிர்ச்சியாக இருந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆலையில் அன்றைய பதிவுத்தாளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். மேலாளரிடம் அனுமதி வாங்கி, அவளையே அந்த அண்ணனிடம் பேசவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.